ஈரத் தலை

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் அந்த மண்ணின் பழங்குடி ஒருவர் வரவேற்காமல் எந்தக் கூட்டமும் தொடங்காது. அன்று காலை அலுவலக ஆண்டு விழாவில் வரவேற்க வேண்டிய பழங்குடி மூதாட்டி, எல்லாரும் அத்தை என்றழைக்கும் நொரீனுக்குக் காய்ச்சல். இயக்குநர் கிரெய்க் தவித்துப் போனார்.

"பத்து நிமிஷத்துல மந்திரி வந்துடுவாரு, ப்ரூக். அவங்க குடும்பத்துல வேற யாரையாவது கூட்டிட்டு வாம்மா."

உதவியாளர் ப்ரூக் ஐந்தே நிமிடத்தில் நொரீனின் அண்ணன் மகள் ஷாண்டெலோடு வந்தாள். பத்தொன்பது வயது. தலை ஈரமாக இருந்தது.

"பாரு, அவசரத்துலயும் குளிச்சிட்டு வந்திருக்கா. என்ன மரியாதை" என்று கிரெய்க் நெகிழ்ந்தார்.

ஷாண்டெல் மைக்கைப் பிடித்தாள். "இது எங்க நூங்கார் சனத்தோட மண்ணு. எல்லாரும் வாங்க. வந்து உக்காந்தவங்கள எழுந்து போன்னு சொல்றது எங்க வழக்கம் இல்ல."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. மந்திரி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

விழா முடிந்ததும் கிரெய்க் கேட்டார்: "அந்தப் பொண்ணு விலாசம் வாங்கி வச்சியா?"

"நம்ம விலாசம்தான், கிரெய்க். மூணு மாசமா நம்ம வாசப்படியிலதான் படுத்துக்கிறா. தினம் காலையில படியில தண்ணியைப் பீய்ச்சி எழுப்பச் சொல்லி நீங்கதானே உத்தரவு போட்டீங்க. இன்னைக்கும் எழுப்பினோம்."

கிரெய்க் நாட்காட்டியைப் புரட்டினார்.

"வியாழக்கிழமை வரைக்கும் தண்ணிய நிறுத்தி வைக்கச் சொல்லு. அன்னைக்குக் கருத்தரங்குல வரவேற்க அவ வேணும்."

"எந்தக் கருத்தரங்கு?"

"வீடில்லாத பழங்குடிப் பிள்ளைங்களப் பத்தினது."