பரஸ்தான மூட்டை

"பரஸ்தானமா? கல்யாணமாகி இத்தனை வருஷத்திலே ஒருநாளாவது பஞ்சாங்கத்தைப் பிரிச்சிருக்கியா நீ?"

ஸ்ரீகண்டனுக்கு எரிச்சல் வந்தது. சர்க்கார் ஆபீஸான ஹஜூர் கச்சேரியில் லீவு வாங்குவதற்குள் உயிர் போய்விட்டது. கல்லிடைக்குறிச்சியில் மைத்துனியின் கல்யாணம். விடிந்தால் ரயில். வீட்டில் இன்னும் ஒரு ஜன்னல்கூடச் சாத்தியாகவில்லை.

"நாளைக்கு வியாழக்கிழமை. சூலமாக்கும், பிரயாணம் கிளம்பப்படாது," என்றாள் சூடாமணி. "இன்னிக்கே நல்ல வேளையிலே ஒரு மூட்டையை அடுத்தாத்துல வச்சுட்டா, இன்னிக்கே கிளம்பினதா அர்த்தம். போறச்சே எடுத்துண்டு போயிடலாம்."

"சாஸ்திரமாவது மண்ணாங்கட்டியாவது! ஊரெல்லாம் யுத்தம். குண்டு போடறவன் சூலம் பார்த்துண்டா போடறான்?"

அவள் மூட்டையைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். தள்ளாடினாள்.

"ஒரு மேல்துண்டு வச்சாப் போறாதோ? அம்மிக்கல்லையா கட்டியிருக்கே?"

"கல்யாணத்துக்குக் கட்டிக்கற பட்டுப் புடவை எல்லாம் இதிலேதான்."

"பட்டா? அப்போ தெருக்கோடியிலே நாகேஸ்வரன் ஆத்துல வை. இரும்புப் பெட்டி இருக்கு. போயும் போயும் ராஜமணி ஆத்துலயா வைக்கப் போறே? அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாளே கிடையாது."

"பக்கத்தாத்துலதான் வைக்கணும். அதுதான் முறை."

சொல்லிக்கொண்டே போய்விட்டாள்.

மறுநாள் காலை இன்னும் மோசம். பித்தளைப் பாத்திரங்களைப் பத்தாயத்தில் போட்டுப் பூட்டினாள். ஊறுகாய் ஜாடிகளுக்குத் துணியால் வேடு கட்டினாள். கிணற்றுக் கயிற்றைச் சுருட்டி உள்ளே எடுத்து வைத்தாள். வாசற்படி இறங்கியவள், அடுப்பை அணைத்தோமா என்று திரும்ப உள்ளே ஓடினாள்.

"சாமீ, வண்டி போகும். வேகம் கேறணும்," என்று ஏறச் சொல்லி அவசரப்படுத்தினான் ஜட்காக்காரன் தங்கப்பன்.

ஸ்ரீகண்டன் பூட்டை இழுத்துப் பார்த்தார். அவர் இழுத்த பூட்டை அவளும் ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். ஜட்கா ராஜமணியின் வீட்டைத் தாண்டியபோது மட்டும் அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

தம்பானூர் ஸ்டேஷனில் பெட்டிகளை ஏற்றி, உட்கார்ந்து, விசிறிக்கொண்ட பிறகுதான் அவருக்கு ஞாபகம் வந்தது.

"அடியே, பரஸ்தான மூட்டை!"

"போனாப் போறது. கிளம்பினவா திரும்பப்படாது."

"பட்டுப் புடவைடீ! முகூர்த்தத்துக்குக் கிழிசலையா கட்டிப்பே?"

"ஏன்னா, கொஞ்சம் கேளுங்கோ..."

அவர் கேட்கவில்லை; வண்டி கிளம்ப இன்னும் அரைமணி இருந்தது. வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பிளாட்பாரத்தில் குதித்து, தங்கப்பனின் ஜட்காவைத் தேடி ஓடினார்.

சூடாமணி ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள்; அதற்குள் மறைந்துவிட்டார். பட்டுப் புடவை அவள் காலடியில், டிரங்குப் பெட்டியில் இருந்தது. மூட்டையில் இருந்தது அரிசியும் பருப்பும். ரேஷனில் வாங்கியதில் அவள் வாயைக் கட்டி மிச்சம் பிடித்தது.

ராஜமணியின் புருஷன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனவன். ஜப்பான்காரன் அந்த ஊரைப் பிடித்ததிலிருந்து கடிதமும் இல்லை, பணமும் இல்லை. வீட்டில் இரண்டு குழந்தைகள். போன மாதம் சூடாமணி ஒரு கிண்ணம் அரிசி கொடுத்தனுப்பினாள். 'இங்கே எல்லாம் இருக்கு மன்னி' என்று கிண்ணம் அப்படியே திரும்பி வந்தது. அன்று சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் சின்னக் குழந்தை சோறு கேட்டு அழுததும் கேட்டது.

கொடுத்தால் வாங்கமாட்டாள். மறந்துவிட்டுப் போனால்? ஊர் போய்ச் சேர்ந்ததும், 'வண்டு விழுவதற்குள் பொங்கிவிடு' என்று இரண்டு வரி எழுதிப் போட்டால் தீர்ந்தது.

இப்போது இவர் போய்க் காரியத்தைக் கெடுக்கப் போகிறார். குழந்தைகள் பார்க்கப் பார்க்க மூட்டையைத் தூக்கிக்கொண்டு வரப் போகிறார்.

மணி அடித்தது. சூடாமணி எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள்.

"பயப்படாதேங்கோ மாமி, வந்துடுவார்," என்றாள் எதிரே இருந்தவள்.

"வந்துடுவாரேன்னுதான் பயமா இருக்கு."

கார்டு பச்சைக் கொடியை எடுத்தபோது ஸ்ரீகண்டன் ஓடி வந்து ஏறினார். கையில் ஒன்றும் இல்லை.

வண்டி நகர்ந்தது. அவர் மூச்சு அடங்க வெகுநேரம் ஆயிற்று.

"பட்டுப் புடவையைப் பொங்கினா எத்தனை நாளைக்கு வரும்?" என்று மெதுவாகக் கேட்டார்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"மூட்டையைத் தூக்கிண்டு ஸ்டேஷனுக்கே கிளம்பிண்டிருந்தா உன் ராஜமணி. 'வியாழக்கிழமை தெற்கேதானே சூலம்? நீங்க போறது கிழக்கேதானே? எனக்கும் பஞ்சாங்கம் தெரியும்னு மன்னிகிட்ட சொல்லிடுங்கோ அண்ணா'ன்னு என் கையிலே நீட்டினா. முடிச்சு வழியா அரிசி தெரிஞ்சுது. பின்னாலே அந்தக் குழந்தைகள் ரெண்டும் மூட்டையையே பார்த்துண்டு நிக்கறது."

"ஐயோ! வாங்கிண்டேளா?"

"வாங்கலே. 'திக்கெல்லாம் மத்தவாளுக்கு. எங்க குடும்பத்துக்கு வியாழக்கிழமையே ஆகாது. பரஸ்தானம் வச்ச மூட்டையை மறந்துட்டுக் கிளம்பினா, அது வச்ச ஆத்துலயே செலவாகணும். திருப்பி எடுத்தா போற கல்யாணம் நின்னு போயிடும். சாஸ்திரம் அப்படி'ன்னேன். என்னையே ஒரு நிமிஷம் பார்த்தா. அப்புறம் உள்ளே எடுத்துண்டு போயிட்டா."

சூடாமணி நிமிர்ந்தாள். "இது எந்தச் சாஸ்திரத்திலே இருக்கு?"

ஸ்ரீகண்டன் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அவ வாசல்லே நின்னுதான் எழுதினேன்."