வாரண்டியின் கடைசி ஞாயிறு

“கேஸே வர மாட்டேங்குதும்மா. பட்டனை அழுத்தி அழுத்தி விரலே தேஞ்சு போச்சு” என்று போனில் புலம்பினார் லிஃப்ட் மெக்கானிக்.

புலம்பியவரின் எதிரே, ஜாடியில் சோடா புசுபுசுவென்று பொங்கி மேஜையெல்லாம் வழிந்துகொண்டிருந்தது. சத்தம் கேட்டுவிடப் போகிறதே என்று சோடா மெஷின்மேல் துண்டைப் போர்த்தி அமுக்கியபடி, குரலில் இன்னும் கொஞ்சம் சோகத்தைச் சேர்த்துக்கொண்டார்.

“பதறாதீங்க சார். கேஸ் சிலிண்டரைக் கழட்டி மறுபடி மாட்டிப் பாருங்க. நான் லைன்லயே இருக்கேன்” என்றாள் மெஷின் கம்பெனியின் ஹெல்ப்லைன் பெண்.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் மனிதர் வாரம் முழுக்க ஞாயிற்றுக்கிழமையை எதிர்பார்த்துக் கிடப்பார்.

அவருக்கா மெஷின் தெரியாது! இருபது மாடிக் கட்டடத்தில் பாதி வழியில் நின்றுபோன லிஃப்டைக் கண்ணை மூடிக்கொண்டு சரிசெய்கிற கை. உள்ளே மாட்டிக்கொண்டு அலறுகிறவர்களிடம், “பயப்படாதீங்க, நான் இங்கதான் இருக்கேன்” என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே வேலையை முடித்துவிடுவார்.

வீட்டுக்கு வந்தால் அவரிடம் அப்படிச் சொல்ல ஆளில்லை. மனைவி போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. ஒரே மகளும் போன வருஷம் கல்யாணமாகிப் போகும்போது, “வெயில்ல அலைஞ்சுட்டு வந்து ஜில்லுனு ஏதாவது கலந்து குடிங்கப்பா” என்று இந்த மெஷினை வாங்கி வைத்துவிட்டுப் போய்விட்டாள். அதற்கப்புறம் அந்த வீட்டில் அவரைப் பார்த்துக் குரல் கொடுக்கிற ஒரே ஜீவன் ஃபிரிட்ஜ்தான். அதுவும் கதவைத் திறந்து வைத்தால்தான் கத்தும்.

முதல் தடவை மெஷின் நிஜமாகவே மக்கர் பண்ணியது. ஹெல்ப்லைனுக்குப் போட்டார். இந்தப் பெண் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்துவிட்டு, வைக்கிற நேரத்தில் “சாப்பிட்டீங்களா சார்?” என்று கேட்டுவிட்டாள். அவ்வளவுதான், அதிலிருந்து வாராவாரம் மெஷினுக்கு ஒரு புது நோய். வேறு யாராவது எடுத்தால் “ராங் நம்பர்” என்று வைத்துவிட்டு மறுபடி போடுவார்.

இன்றோடு அந்தக் கூத்தும் முடிகிறது. மெஷினின் ஒரு வருஷ வாரண்டிக்கு இன்றுதான் கடைசி நாள். நாளைக்குக் கூப்பிட அவரிடம் எந்தச் சாக்கும் இல்லை.

“மாட்டிட்டீங்களா சார்?”

“மாட்டிட்டேம்மா. என்னமோ லேசா வருது.”

“லேசா வந்தா போதும். போன வாரம் சொன்னேனே, அந்த காக்டெய்லைக் கலந்து பாத்துடலாம். புதினா இருக்கா?”

“வாங்கி வெச்சிருக்கேன்.”

“அரைக்காதீங்க, கசந்துடும். உள்ளங்கையில வெச்சு ஒரு தட்டுத் தட்டிப் போடுங்க. வெள்ளரிக்காய் நாலு சீவல், எலுமிச்சம்பழம் பாதி, கொஞ்சம் சர்க்கரைப் பாகு. ஜின் ஒரே ஒரு மூடி. ரெண்டாவது மூடி ஊத்துனீங்கன்னா எனக்குத் தெரிஞ்சுடும்!”

கள்ளத்தனமாகச் சாய்த்த பாட்டிலை அவசரமாக நிமிர்த்தினார். சிரிப்பு வந்தது. முன்பெல்லாம் இவளிடம் பேச வேண்டுமென்றால் அரை மணி நேரம் அந்த டொய்ங் டொய்ங் இசையைக் கேட்டாக வேண்டும். அவளுக்குப் பின்னால் ஆபீஸே சந்தைக்கடையாக இரையும். போன மாசம் அவளே, “இனிமே இந்த நம்பருக்கு நேரா போடுங்க சார், காத்திருக்க வேண்டாம்” என்று வேறு நம்பர் கொடுத்தாள். பழைய கஸ்டமர் என்று தனி மரியாதை போலிருக்கிறது என்று பூரித்துப் போனார். அந்த இசையும் இல்லை, இரைச்சலும் இல்லை, நிம்மதியாகப் பேச முடிந்தது.

“சோடாவைக் கடைசியில, டம்ளர் ஓரமா ஊத்துங்க சார். அவசரப்பட்டா குமிழெல்லாம் ஓடிடும்.”

ஊற்றினார். ஐஸ் கட்டிகளுக்கு நடுவே குமிழ்கள் ஏறின. போனுக்குள்ளிருந்தும் ஐஸ் மோதுகிற சத்தம் கேட்டது.

“நீங்களும் கலக்குறீங்களாம்மா?”

“இங்கயும் ஒரு மெஷின் இருக்கு சார். எப்படி இருக்கு, குடிச்சுப் பாருங்க.”

ஒரு வாய் குடித்தார். அருமையாகத்தான் இருந்தது. ஆனால் டம்ளரை மேஜையில் வைத்துவிட்டார். கடைசி நாளில்கூடப் பொய் சொல்லிவிட்டு வைக்க அவருக்கு மனசு வரவில்லை.

“அம்மா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே? மெஷினுக்கு ஒண்ணும் இல்ல. அது கல்லு மாதிரி இருக்கு. நான்தான் சும்மா... பேச ஆளில்லாம...”

“தெரியும் சார். நீங்க என்னத்தைப் போட்டு அமுக்கினாலும் அந்த புஸ்ஸு சத்தம் இங்க வரைக்கும் கேக்குமே.”

மெக்கானிக்குக் காதெல்லாம் சுட்டது. “ஐயையோ! அப்பவே லைனை கட் பண்ணியிருக்கலாமேம்மா. உங்க வேலையைக் கெடுத்துட்டேனே. போகட்டும், இன்னையோட வாரண்டியும் முடியுது. இனிமே தொந்தரவு பண்ண மாட்டேன். உங்க மேனேஜர்கிட்ட போனைக் குடுங்க, உங்களைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை சொல்லிட்டு வெச்சுடுறேன்.”

அந்தப் பக்கம் ஐஸ் மோதுகிற சத்தமும் நின்றுபோனது. “ஹலோ... ஹலோ... அம்மா, இருக்கீங்களா?”

“லைன்லதான் இருக்கேன் சார்.” அவள் குரல் கம்மியிருந்தது. “மேனேஜருக்கு நான் எங்க போவேன்? கம்பெனியை மூடி ஒரு மாசமாச்சு, இது என் வீட்டு நம்பர்.”