விஷயத்துக்குத் தகுந்த பாணி

படத்தை மூடியிருந்த திரையை விலக்கியதும் கூடத்தில் இருந்தவர்கள் திடுக்கிட்டார்கள்.

முதலில் சுதாரித்தவர் மாமனார். நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

"என்னம்மா இது? என் இடது கண்ணு எல்லை தாண்டிப் போய் வலது கண்ணு இடத்தை ஆக்கிரமிச்சிருக்கு!"

"உங்களுக்காவது கண்ணு. எனக்கு மூக்கே காதுகிட்ட தனிக்குடித்தனம் போயிடுச்சு!" என்றாள் நாத்தனார்.

கணவனுக்குக் கழுத்தே இல்லை. தோளிலிருந்து நேராகத் தாடை.

குடும்பப் படம். வரைந்தவள் வீட்டு மருமகள். ஆளை அச்சு அசலாக வரைவதில் பேர் வாங்கியவள். அதை நம்பித்தான் ஆளாளுக்கு நாற்காலியில் ஆடாமல் அசையாமல் முதுகு பிடித்துக்கொள்ளும் வரை உட்கார்ந்திருந்தார்கள்.

கணவன் பொங்கினான். "பல் டாக்டரை வரைஞ்சு கொடுத்தியே, அதைப் பார்த்து அவர் வீட்டு நாயே வாலாட்டுச்சு. இதைப் பார்த்தா கடிக்க வரும்!"

"அது ஒரு பாணி. இது வேற பாணிங்க."

"பாணி கிடக்கட்டும். விஷயம் நாங்கதானே? இதுல நாங்க எங்க இருக்கோம்?"

"விஷயத்துக்குத் தகுந்த மாதிரிதாங்க பாணி."

நாத்தனாருக்குச் சுருக்கென்றது. "அப்போ எங்க குடும்ப லட்சணமே இதுதான்னு சொல்றீங்களா அண்ணி? மனசுல இருந்த காட்டத்தையெல்லாம் பிரஷ்ல கொட்டித் தீர்த்துட்டீங்க!"

மருமகள் விரலில் காய்ந்திருந்த நீலச் சாயத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"மூடு, மூடு! உங்க அத்தை பார்த்தா அவ்வளவுதான்," என்று மாமனார் திரையைத் தேடினார்.

அதற்குள் அறைக்கதவு திறந்தது.

மாமியார் வந்தார், முந்தானையால் வாயைப் பொத்தியபடி. போன வருஷம் பக்கவாதம் வந்து முகத்தின் ஒரு பாதியை இழுத்துவிட்டதிலிருந்து அப்படித்தான். கேமராவைக் கண்டால் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வார். மருமகள் கெஞ்சிய கெஞ்சலுக்காகத்தான் இந்தப் படத்துக்கே உட்கார்ந்தார்.

நிமிர்ந்து பார்த்தார். கணவரை, மகனை, மகளை. ஓரத்தில் மருமகள் தன்னையும் வரைந்திருந்தாள். உதடு ஒரு பக்கம், மோவாய் ஒரு பக்கம். எல்லோருக்கும் நடுவில் அவர்.

அவர் தோள் குலுங்கியது.

"அம்மா, அழாதேம்மா!" என்று மகன் ஓடினான்.

அழுகை இல்லை, சிரிப்பு. முந்தானை நழுவியதுகூடத் தெரியாத சிரிப்பு.

"அடப் பாவிகளா! இந்த வீட்டுல என் வாய் மட்டும்தான் கோணல்னுல்ல இத்தனை நாளா நினைச்சுட்டிருந்தேன்!"