அசுரனுக்கு மீசை

மகிஷாசுரனுக்கு மீசை முளைத்திருந்தது. திங்கட்கிழமை பார்த்தபோது வெறும் மேலுதடுதான். வியாழக்கிழமை காலையில் கும்பிடக் கையெடுத்த காளிதாசன் சுவரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

துர்க்கையின் காலடியில் கிடந்த அசுரனுக்கு, வாயின் இரண்டு பக்கமும் இறங்கிய கட்டை மீசை. சுங்கை லாலாங் வட்டாரத்தில் அப்படி மீசை வைத்திருப்பவர் ஒரே ஒருவர்தான். இந்த மாரியம்மன் கோயிலுக்குப் பதினொரு வருஷமாகத் தலைவராக இருக்கும் சாட்சாத் காளிதாசன்.

அடுத்த மாதம் கும்பாபிஷேகம். அதற்கு முன்னால், வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆண்டுக்கூட்டமும் தலைவர் தேர்தலும். சுவரில் படம் வரையக் காரைக்குடியிலிருந்து வந்திருந்த ஓவியருக்கு இந்த ஊரில் ஒருவரையும் தெரியாது. யாரோ சொல்லிக்கொடுக்காமல் இப்படி ஒரு மீசை வராது.

மீசை மட்டுமென்றால்கூடத் தொலையட்டும் என்று விட்டிருப்பார். அசுரன் வாளைப் பிடித்திருந்த விதம் பேனாவைப் பிடித்தது போலிருந்தது. தலைமாட்டில் ஓர் அரசிலை வேறு உதிர்ந்து கிடந்தது. அதைப் பார்த்ததும் அவர் கும்பிட எடுத்த கையை இறக்கிவிட்டார். மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்?

கனம் இருந்தது. இந்தக் கோயில் முன்பு ரப்பர் தோட்டத்து அரசமரத்தடியில் இருந்தது. தோட்டத்தை வாங்கிய வீடமைப்புக் கம்பெனி கோயிலை அகற்றச் சொன்னபோது, உயிரே போனாலும் சம்மதிக்க மாட்டேன் என்று சனங்கள் முன்னால் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தவர் காளிதாசன். அடுத்த வாரமே யாருக்கும் தெரியாமல் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டதும் அவர்தான். மகன் பேரில், அங்கே எழுந்த புதுத் தாமான் குடியிருப்பில் ஒரு முனைவீடு கிடைத்தது. புல்டோசர் வந்த அன்று எல்லாரையும்விடச் சத்தமாக அழுததும் அவரேதான்.

இதைத் தோண்டியெடுத்தது யார்? செயலாளர் யோகேந்திரனாகத்தான் இருக்க வேண்டும். மழமழவென்று சவரம் செய்த முகத்தோடு, பேசும்போது பாதியை விழுங்கும் ஆசாமி. பழைய கடிதங்கள் இருக்கும் அலமாரியின் சாவி அவரிடம்தான் இருக்கிறது.

கோயிலில் பூக்கட்டும் நவமணியைக் காளிதாசன் மெல்ல விசாரித்தார். செவ்வாய்க்கிழமை யோகேந்திரன் கோப்பி பொட்டலத்தோடு வந்து, ஓவியரிடம் அரைமணி நேரம் குசுகுசுவென்று பேசிவிட்டுப் போனதாக அவள் சொன்னாள்.

“அதுக்கு முன்ன ரெண்டு நாளும் கோயில சுத்தி வந்தாருங்க. அந்தச் சொவருகிட்ட வந்தா மட்டும் தல குனிஞ்சுக்கிட்டே போயிட்டாரு.”

சதி செய்பவனுக்கு நிமிர்ந்து பார்க்கத் தைரியம் ஏது என்று காளிதாசன் பல்லைக் கடித்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை இருநூறு பேர் இந்தச் சுவரைக் கடந்துதான் கூட்டத்துக்கு வருவார்கள். பதவி போனால் போகட்டும். கூடவே பால்மரம் வெட்டி வளர்ந்த சனங்களின் முகத்தில் எப்படி விழிப்பது? அவருக்குக் கோபத்தைவிட வெட்கம்தான் அதிகமாக இருந்தது.

மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போன நேரம் பார்த்து ஓவியரிடம் போனார்.

“யாரு மூஞ்சி தம்பி இது?”

“அசுரன் மூஞ்சிங்க.”

“வெளாடாத லா. நான் சைன் வச்சத ஒனக்கு யாரு சொன்னா?”

ஓவியர் தூரிகையைக் கீழே வைத்தார். “எந்தச் சைனுங்க?”

காளிதாசன் அவசரமாக வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். பெண்டாட்டியிடம்கூடச் சொல்லாததை, வெளியூர்க்காரனிடம் தன் வாயாலேயே கொட்டிவிட்டார். பேச்சை மாற்ற வாளையும் இலையையும் பற்றிக் கேட்டார். வாளைத் தான் எல்லா ஊரிலும் அப்படித்தான் வரைவதாக ஓவியர் சொன்னார். தலைமாட்டில் சுவர் வெடித்திருந்ததாம், அதை மறைக்க ஓர் இலையைப் போட்டாராம். சொன்னதில் பொய் இருப்பதாகத் தெரியவில்லை.

ஆனாலும் மீசை இருக்கிறதே. காளிதாசன் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“அந்த மீசைய மட்டும் எடுத்துரு தம்பி. ஞாயித்துக்கெழமைக்குள்ள.”

ஓவியர் தர்மசங்கடத்தோடு தலையைச் சொறிந்தார்.

“எடுத்துடலாங்க. ஆனா, மீசை இல்லாம அது தன் மூஞ்சியாட்டமே இருக்குன்னு சொல்லி, செயலாளர் ஐயாதாங்க வைக்கச் சொன்னாரு.”