விடைபெறும் கலை

“அப்பறம் அந்தக் கோட்டுப் போட்ட வாத்தியார என்ன கேட்டான்? சொல்லு சாமி,” என்றாள் ராசாத்தி.

அகல்யாவும் யோகேஷும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இருவரும் அவள் மகன் ஜீவாவுடன் படிப்பவர்கள். விடுதியிலிருந்து அவனுடைய பெட்டியையும் படுக்கையையும் கொண்டுவந்து, சேந்தமங்கலத்தில் அவன் வீட்டுக் கூடத்தில் இப்போதுதான் இறக்கி வைத்திருந்தார்கள். கல்லூரி திறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

பத்திரிகை, விவசாயம், தலைமைப் பண்பு மூன்றையும் முதல் பருவத்திலேயே ஊட்டி, பிள்ளையை முழு மனிதனாக வீட்டுக்கு அனுப்பி வைப்பதாகக் கல்லூரியின் விளம்பரப் பலகை சொன்னது. ஜீவாவுக்குப் பத்திரிகை மட்டும் போதும். அவன் அப்பா காளிதாஸுக்கு விவசாயம் மட்டும் போதும். தலைமைப் பண்பு யாருக்கும் வேண்டாம். ஆனால் அதுதான் கட்டாயம்.

“அது அறிவுமதி சாருங்கம்மா,” என்றாள் அகல்யா. “ஒரு வாரம் பூரா ‘விடைபெறும் கலை’ன்னு நடத்துனாரு. ஒரு எடத்த விட்டுக் கெளம்பறப்ப கண்ணப் பாக்கணும், கையக் குலுக்கணும், பல்லுத் தெரியாம சிரிக்கணும், ‘இந்தச் சந்திப்பு என்னை வளப்படுத்தியது’ன்னு சொல்லணுமாம்.”

“ஒரு வாரம் பூரா இதேதானா?”

“அதுக்குப் பரீட்சை வேறங்கம்மா,” என்றான் யோகேஷ். “ஜீவா எந்திரிச்சு, ‘சார், இத்தனையும் சொல்லி முடிக்கறதுக்குள்ள சேந்தமங்கலம் பஸ்ஸு போயிருமுங்க. எங்க ஊட்ல வாரேன்னு சொன்னா முடிஞ்சுது. போறேன்னு மட்டும் சொல்லக் கூடாது, எங்கம்மா தொடப்பத்தத் தூக்கிரும்’னான். சாரு கோவிச்சுட்டு வெளிய போயிட்டாரு. கையும் குலுக்கல, சிரிக்கவும் இல்ல.”

ராசாத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “தூக்கத்தான் செய்வேன். வெளிய கெளம்பறவன் போறேன்னா சொல்றது?”

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த காளிதாஸ் திரும்பவே இல்லை. ‘பேப்பர்ல எழுதறவனெல்லாம் சோறு திங்கறானா?’ என்று அவர் கேட்ட நாளிலிருந்து அப்பனுக்கும் மகனுக்கும் சரியான பேச்சில்லை.

அவர் பக்கத்தில் இருந்த ஆட்டையாம்பட்டி மாமா எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் படியிறங்கிப் போனார். அறிவுமதி சார் பார்த்திருந்தால் மதிப்பெண்ணே போட்டிருக்க மாட்டார்.

“வெவசாய வகுப்பு எப்படி சாமி?” ராசாத்தி கணவனை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“ஒரு மாசமா மண்ணுதாங்கம்மா,” என்றான் யோகேஷ். “ஏசி ரூம்ல படம் போட்டுக் காட்டறாங்க. ‘மண்ண எப்ப சார் கண்ணுல காட்டுவீங்க?’ன்னான் ஜீவா. ‘அடுத்த படத்துல வரும், உட்காரு’ன்னாரு சாரு.”

காளிதாஸின் தோள் மட்டும் லேசாகக் குலுங்கியது. சிரித்தாரா என்று தெரியவில்லை.

“அவனுக்குப் புடிச்சது?”

“பத்திரிகை வகுப்புதாங்கம்மா,” என்றாள் அகல்யா. “முக்கியமான சேதிய மொத வரியிலயே சொல்லிறணும், ஆதாரமில்லாம ஒரு வரி எழுதக் கூடாதுன்னு சொல்லித் தந்தாங்க. அதுக்கும் எந்திரிச்சான். ‘எங்கப்பா மழையப் பத்திப் பேசி, மாட்டப் பத்திப் பேசி, குச்சிக்கெழங்கு வெலையும் பேசி, வண்டிய ஸ்டார்ட் பண்ணறப்பதாங்க சார் விசயத்தச் சொல்லுவாரு’ன்னான்.”

காளிதாஸ் திரும்பினார்.

“நாமக்கல்லுல மழையுண்டா?”

“இல்லீங்கப்பா.”

“வரப்ப பஸ்ஸுல எடங் கெடைச்சுதா?”

“கெடைச்சுதுங்க.”

“கெழங்குல இந்த வருசம் மாவுப்பூச்சி சாஸ்தி...” நிறுத்தினார். “காலேஜுக்குக் கெளம்புன அன்னிக்கு, அவங்கம்மாகிட்ட வாரேன்னு சொன்னான். எங்கிட்ட போறேன்னு சொன்னான். வேணும்னுதான் சொன்னானா கண்ணு? அதப் பத்தி உங்ககிட்ட ஏதாச்சும் பேசுனானா?”

யோகேஷ் வாயைத் திறப்பதற்குள் அகல்யா முந்திக்கொண்டாள்.

“பேசுனானுங்கப்பா. ‘வாய் தவறிச் சொல்லிட்டேன், சனிக்கெழம ஊருக்குப் போயி அப்பாகிட்ட வாரேன்னு சொல்லிட்டு வந்தாத்தான் மனசு ஆறும்’னான்.”

அந்த வரிக்கு ஆதாரம் எதுவும் கிடையாது. ஜீவாவின் அறையிலேயே தங்கியிருந்த யோகேஷ் தலையைக் குனிந்துகொண்டான்.

காளிதாஸ் மெல்ல எழுந்து வந்தார். மகனின் பெட்டி மேல் கையை வைத்தபடி தரையில் உட்கார்ந்தார். “அப்படியா சொன்னான்... அப்படியா சொன்னான்...” என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்.

பேருந்துக்கு நேரமாகிவிட்டது. இருவரும் எழுந்தார்கள். வாசலைத் தாண்டும்போது யோகேஷ் பழக்கதோஷத்தில் திரும்பி, “வா...” என்று ஆரம்பித்தான். அகல்யா அவன் கையை இறுக்கிப் பிடித்து வெளியே இழுத்தாள்.

சாவு வீட்டில் யாரும் சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை.