ஒரு வரிகூட இல்லை

“இணையக் கலைக்களஞ்சியத்துல எல்லார் பக்கத்தையும் வெட்டித் தள்ளற ‘கத்தரி’ நீங்கதானா?”

கண்ணாடிக்கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். கதவைக்கூடச் சாத்தாமல் நின்றிருந்தாள் அந்தப் பெண். அவளுக்குப் பின்னால் அவளுடைய அப்பா நிலைவாசலுக்குத் தலையைக் குனிந்து உள்ளே வந்துகொண்டிருந்தார். நல்ல உயரம்.

“இங்க நான் கண்ணாடிதாம்மா விக்கறேன்.”

“மழுப்பாதீங்க. யார் யாரையோ கேட்டுக் கடையைக் கண்டுபிடிச்சு வந்திருக்கேன். நேத்து எங்கப்பாவைப் பத்தின பக்கத்தை நீக்கிட்டீங்க. ‘குறிப்பிடத்தக்கவர் அல்லர்.’ ரெண்டே வார்த்தை!”

“விடும்மா” என்றார் அப்பா. கடைக்காரரிடம் திரும்பி, “தப்பா எடுத்துக்காதீங்க சார். முப்பது வருஷம் ஃபுட்பால் ரெஃப்ரியா இருந்தேன். ‘கண்ணாடி வாங்கிப் போடுய்யா’ன்னு என்னைப் பார்த்துக் கத்தாத ஆளே இல்ல. இப்பத்தான் வாங்க வந்திருக்கேன்” என்றார்.

கடைக்காரர் சிரித்துவிட்டார். மகள் சிரிக்கவில்லை.

“முதல்ல அப்பாவுக்குக் கண்ணைப் பார்த்துடலாமா?”

“கண்ணு அப்புறம். நியாயம் முதல்ல. அடுத்த வாரம் அப்பாவுக்கு எழுபது முடியுது. சட்டை, வாட்ச்னு எதையாவது வாங்கிக் கொடுக்கறதுக்குப் பதிலா இப்படி ஒண்ணு செய்யலாம்னு உக்காந்து எழுதினேன். எப்பவோ செத்துப்போன பந்தயக் குதிரைக்கெல்லாம் பக்கம் வச்சிருக்கீங்க. எங்கப்பாவுக்கு இல்லையா?”

“அந்தக் குதிரையைப் பத்தி நாலு பத்திரிகையில வந்திருக்கும்மா.”

“குதிரை யாரையாவது காப்பாத்துச்சா?”

அப்பாவின் வலது கையைப் பிடித்து இழுத்துக் கண்ணாடி மேசைமேல் வைத்தாள். ஆள்காட்டி விரலில் பல் பதிந்த தழும்பு.

“ஆட்டத்துக்கு நடுவுல ஒருத்தன் மண்டையில அடிபட்டு விழுந்துட்டான். நாக்கு உள்ள போய் மூச்சு அடைச்சுக்கிட்டது. எல்லாரும் சுத்தி நின்னு வேடிக்கை பார்த்தாங்க. இவர் விரலை விட்டு நாக்கை இழுத்தார். அவன் கடிச்ச கடி இது. இன்னைக்கு அவன் பிள்ளைகுட்டியோட நல்லா இருக்கான். ஆதாரம்தானே வேணும், இந்தாங்க ஆதாரம்.”

கடைக்காரர் அந்த விரலைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“தழும்பை அடிக்குறிப்புல போட முடியாதும்மா. நாங்க சொந்தமா எதையும் எழுதறதில்ல. பத்திரிகையில வந்திருந்தா போடுவோம். வந்தது எதுவானாலும் போடுவோம். நல்லதை மட்டும் பொறுக்கி எடுத்துக்க முடியாது.”

“பத்திரிகைதானே வேணும்? நாளைக்கே லீவு போட்டுட்டு நூலகத்துல போய் உக்கார்றேன். பழைய பேப்பர் அத்தனையும் புரட்டறேன். ஒண்ணுகூடவா கிடைக்காமப் போயிடும்?”

“உனக்கு எதுக்கும்மா அந்த வேலையெல்லாம்…” என்றார் அப்பா. கையை மெதுவாக இழுத்துக்கொண்டார்.

“நீங்க போக வேண்டாம்” என்றார் கடைக்காரர். “நானே போய்ப் பார்த்துட்டேன்.”

“நீங்களா?”

“தேடிப் பார்க்காம நான் எதையும் நீக்கறதில்ல. அப்பா விசில் ஊதின காலத்துப் பேப்பர் பூராவும் பார்த்தாச்சு.”

“என்ன போட்டிருந்தாங்க?”

“ஒரு வரிகூட இல்லை.”

அவள் முகம் சுண்டிப்போயிற்று. அப்பா சுவரில் இருந்த எழுத்துப் பலகையைப் படிப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒரு வரிகூடவா? வெயில்லயும் சேத்துலயும் முப்பது வருஷம் ஓடியிருக்கார் சார்.”

“கோல் போட்டவன் பேர்தாம்மா பேப்பர்ல வரும். விசில் ஊதினவர் பேரை யார் போடறா?”



“கத்தரி தேடியும் கிடைக்கலன்னா அது கிடையவே கிடையாதுன்னு கலைக்களஞ்சியத்துல எழுதறவங்க சொல்வாங்க” என்றாள், தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல. பிறகு சட்டென்று கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“ஆனா ஒண்ணு சொல்றேன். இல்லைங்கறதை இவ்வளவு சாதாரணமா, அதுவும் அவர் முகத்துக்கு நேரா சொல்ல உங்களால எப்படி முடியுது? நீங்க தினம் எத்தனை பேர் கண்ணைப் பார்த்து என்ன பிரயோஜனம்? வாங்கப்பா, வேற கடையில வாங்கிக்கலாம்.”

இருவரும் போய்விட்டார்கள். கடைக்காரர் தன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கண்களைத் தேய்த்துக்கொண்டார்.

ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. கதவு மறுபடி திறந்தது. அப்பா மட்டும்.

“குடையை விட்டுட்டேன்னு சொல்லிட்டு வந்தேன்” என்றார். அவர் குடை எதுவும் கொண்டுவந்திருக்கவில்லை.

“உக்காருங்க சார்.”

அவர் உட்காரவில்லை.

“பேப்பர் பூராவும் பார்த்தேன்னீங்களே… அப்ப அதையும் பார்த்திருப்பீங்க. முதல் பக்கத்துல, என் படத்தோட. இறுதி ஆட்டத்தை விலைக்கு வித்துட்டேன்னு கொட்டை எழுத்துல போட்டாங்க. அப்புறம் விசாரிச்சு, என்மேல தப்பு இல்லன்னு சொல்லிட்டாங்க. அதை ஒரு பேப்பரும் போடல. இவ அப்ப கைக்குழந்தை. இன்னைக்கு வரைக்கும் அவகிட்ட நாங்க சொன்னதில்ல. அவளுக்குத் தெரிஞ்சதெல்லாம் இந்த விரல் கதைதான். பக்கம் எழுதறேன்னு அவ ஆரம்பிச்ச நாள்லேர்ந்து எனக்குத் தூக்கம் போச்சு சார்.”



“முதல் பக்கத்துலயா? நான் பார்க்கலையே சார்” என்றார் கடைக்காரர், நெற்றியிலிருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கியபடி. “அன்னைக்குப் பார்த்து நான் கண்ணாடியை வீட்டுலயே மறந்து வச்சுட்டுப் போயிட்டேன்.”