நடக்கச் சொல்லும் குரல்

கோடையிலும் அம்மா நடைப்பயிற்சியை விட்டுவிடக்கூடாதென்று, இறந்துபோன அப்பாவின் குரலில் ஊக்கப்படுத்தும் இயர்போனை வாங்கிக் கொடுத்திருந்தாள் யாழினி. ஆனாலும் அம்மாவுக்குச் சர்க்கரை ஏறிக்கொண்டே போனது.

ஒருநாள் காலையில் அம்மாவுக்குத் தெரியாமல் அவள் பின்னாலேயே பூங்காவுக்குப் போனாள். அம்மா மங்கையர்க்கரசி பெஞ்சில் உட்கார்ந்து தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“நடக்காம இங்க என்னம்மா பண்றே?”

“ஒழுங்கா நடந்தா உங்கப்பா வாயே திறக்கிறதில்லடி. உட்கார்ந்தாத்தான், ‘எந்திரி மங்கை, வெயில் ஏறுது, பூசின பவுடரெல்லாம் கரையப்போகுது’ன்னு கெஞ்சுறாரு.”

யாழினிக்குத் திட்ட மனம் வரவில்லை.

“இயர்போன்ல ஒண்ணை எனக்குக் குடும்மா.”

அதை வாங்கிக் காதில் மாட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“எந்திரி மங்கை,” என்றார் அப்பா.

வெயில் ஏறியது. இருவரும் எழுந்திருக்கவில்லை.